ஓநாய் இழுத்த வண்டியின் ஊர்



பிரான்ஸ் வரைபடத்தின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு போகும் ஒரு தீபகற்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பிரிட்டனி, பிரெஞ்சுக்காரர்களுக்கு பிரெத்தாஞ். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். கலங்கரை விளக்கங்கள், பாறைக் கரைகள், சிப்பி உணவு எல்லாம் கரையில்தான். இன்று நாம் போகப்போவது கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு. பெயர் சேன்-தெகொனெக். ஃபினிஸ்தேர் மாவட்டத்தில், மொர்லே நகரத்திலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவு. 2016இல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றோடு இணைந்த பிறகு மக்கள்தொகை ஏறத்தாழ 3,000. ஊர்ப் பலகையில் பிரெஞ்சுப் பெயரும் பிரெத்தோன் மொழிப் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். பிரெத்தோன் மொழி பிரெஞ்சுக்கு நெருங்கிய உறவு இல்லை. வேல்ஸ் நாட்டு மொழிக்கும் கார்ன்வால் மொழிக்கும் அது நெருங்கிய சொந்தம். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் கடலைக் கடந்து அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பேச்சு அது.

நாங்கள் போனது மோட்டார்ஹோமில். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் காம்பிங்கார் என்பார்கள். சரக்கு வேனின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு சின்ன வீடு: படுக்கை, இரண்டு அடுப்பு, குளிர்பெட்டி, ஆள் நிற்கும் அளவுக்குக் குளியலறை. ஆறேழு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். எடை 3.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரணக் கார் உரிமமே போதும். தரைக்கடியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு இன்னொரு தொட்டி, கழிவறைக்குத் தனியாகக் கழற்றி எடுக்கிற ஒரு பெட்டி. இந்த மூன்றும்தான் பயணத்தின் கடிகாரம். நல்ல தண்ணீர் தீரும்போதோ மற்ற இரண்டும் நிரம்பும்போதோ எங்காவது நின்றே ஆகவேண்டும். எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி.

ரென் நகரத்திலிருந்து மேற்கே வரும் N12 நெடுஞ்சாலை அகலமானது, சுங்கம் கிடையாது. பிரான்ஸின் மற்ற பகுதிகளில் விரைவுச்சாலைக்குக் காசு கட்டிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நாட்டின் கடைக்கோடியில் கிடந்த பிரெத்தாஞை மற்ற பகுதிகளோடு இணைக்க 1960களின் இறுதியில் அரசு போட்ட சாலைத் திட்டத்தின் பலன் இது. சாலை எளிதாகிவிட்டது, நிறுத்துவதுதான் கடினம். கடற்கரை ஊர்களில் பல வாகன நிறுத்தங்களின் வாயிலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். கார் போகும், எங்கள் வண்டி போகாது. கோடையில் கடலோர மக்கள் படும் நெரிசலைப் பார்த்தால் அந்தக் கம்பியின் நியாயமும் புரிகிறது. ஆனாலும் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, கம்பிக்கு முன்னால் நின்று வண்டியைத் திருப்புகிற களைப்பு பெரியது.

உள்நாட்டுக் கிராமங்கள் வேறு வழியைத் தேர்ந்துகொண்டன. ஊராட்சியே கொஞ்சம் சமதளமான இடத்தை ஒதுக்கி, வந்து தங்குங்கள் என்று பலகை வைத்துவிடுகிறது. பிரான்ஸ் முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டு. சில இலவசம், சிலவற்றுக்குச் சில யூரோ. விவசாயிகளும் இதில் சேர்ந்துகொண்டார்கள். ஃபிரான்ஸ் பாஸியோன் என்று ஓர் ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் திராட்சைத் தோட்டத்திலோ பால் பண்ணையிலோ ஓர் இரவு இலவசமாக வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பண்ணைக்காரரிடம் எதையும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. வாங்காமல் வருகிறவர்களும் குறைவு.

சேன்-தெகொனெக்கில் வண்டிகள் தங்கும் இடம் தேவாலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான். சுற்றிலும் கருங்கல் வீடுகள், மேலே கற்பலகைக் கூரைகள், மதிலோரமெல்லாம் ஹைட்ரேஞ்சியாப் புதர்கள். இந்த மண்ணில் புளிப்பு அதிகம். அதனால் அந்தப் பூ இங்கே நீலமாகப் பூக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மூன்று வண்டிகள் ஏற்கனவே நின்றிருந்தன. எல்லாரும் தலையை அசைத்து போன்சுவார் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட தங்குமிடங்களில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தூண் நிற்கும். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பக்கம் திருகு வைத்த குழாய். குடிக்கிற தண்ணீர் என்று அதன்மேல் எழுதியிருக்கும். அதற்கு நேர்மாறான பக்கத்தில், வேண்டுமென்றே தள்ளி, கழிவறைப் பெட்டியைக் கவிழ்க்க ஒரு குழி; அதை அலசிவிட வேறொரு குழாய். தரையில் கம்பிவலை போட்ட ஒரு சாக்கடை வாய். வண்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்திக் கழுவுநீர்த் தொட்டியின் அடைப்பைத் திறந்தால் தண்ணீர் இறங்கிவிடும். சில ஊர்களில் இந்தத் தூண் காசு கேட்கும், சில ஊர்களில் வங்கி அட்டை கேட்கும். இன்னும் சில ஊர்களில் உலோக வில்லை ஒன்றைப் போடவேண்டும். அந்த வில்லை ரொட்டிக் கடையிலோ சாராயமும் காப்பியும் புகையிலையும் சேர்த்து விற்கும் ஊர்க் கடையிலோ கிடைக்கும். ஊரின் யோசனை அதில்தான் இருக்கிறது: வில்லை வாங்கப் போகிறவர் ஒரு ரொட்டியும் வாங்குவார், ஒரு காப்பியும் குடிப்பார். ஆள் குறைந்துவரும் கிராமத்தில் ஒரு கடை மூடாமல் இருப்பதற்கு அந்த ஒரு ரொட்டியும் உதவுகிறது.

வருகிறவருக்கும் முறை உண்டு. இது நிறுத்துமிடம், முகாம் போடும் இடமல்ல. வண்டிக்குள் சமைக்கலாம், தூங்கலாம்; வெளியே பந்தல் இழுத்து, மேசை நாற்காலி பரப்பி உட்காரக்கூடாது. கழுவிய தண்ணீரை ஓடையில் விடக்கூடாது. அப்படி யாராவது விட்டால் அடுத்த ஆண்டு அந்த ஊரிலும் கம்பி வந்துவிடும். நான் பார்த்தவரை, பக்கத்து வண்டிகளில் இருந்த வயதானவர்கள் இதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டார்கள். குழாயடியை விட்டுப் போகும்முன் அந்த இடத்தைக் கழுவிவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைய இரவு பத்தைத் தாண்டிவிடும். தீபகற்பம் அவ்வளவு மேற்கே இருக்கிறது. கடிகாரமோ பாரிஸ், பெர்லின் கடிகாரம். பகலில் பேருந்துகளில் வருகிற சுற்றுலாக் கூட்டம் ஐந்து மணிக்கெல்லாம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் ஊருக்கும், அன்றிரவு அங்கே தங்குகிறவர்களுக்கும் மட்டும். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்காதது இதுதான். சேன்-தெகொனெக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

அந்த வெளிச்சத்தில் தேவாலய வளாகத்துக்குப் போவோம். இந்த வட்டாரத்தின் சிறப்பே இப்படிப்பட்ட மதில் சூழ்ந்த வளாகங்கள்தான். உள்ளே நுழைய ஒரு வெற்றி வளைவு. சேன்-தெகொனெக்கில் அது 1587ஆம் ஆண்டில் எழும்பத் தொடங்கியது. ஒரு கிராமத்துக்கு மிகப் பெரிய வாயில், உருண்டைக் கூம்புகளும் மாடங்களுமாக நிற்கிறது. உள்ளே தேவாலயம், இறந்தோரின் எலும்பு வைக்கும் கூடம், நடுவில் கல்வாரி. கல்வாரி என்றால் இயேசுவின் பாடுகளைக் கல்லில் செதுக்கி, மேலே மூன்று சிலுவைகளை நிறுத்திய மேடை. எழுத்தறியாத மக்களுக்கு வேதக்கதையைக் காட்டிச் சொல்ல அது பயன்பட்டது.

இந்தக் கல்வாரி 1610இல் முடிந்தது. கல் கெர்சான்டோன். பிரெஸ்ட் துறைமுக விரிகுடாவை ஒட்டி வெட்டியெடுக்கும் கருமை கலந்த சாம்பல் நிறக் கல். வெட்டியெடுத்த புதிதில் இளகியிருக்கும், உளி சொன்னபடி கேட்கும். காற்றுப் பட்டுப் பட்டு இறுகிவிடும். அதனால்தான் நானூறு ஆண்டு மழைக்குப் பிறகும் கண்ணிமை, தொப்பியின் மடிப்பு, கயிற்றின் முறுக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. இயேசுவை அடிக்கிறவர்கள் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அரசர் நான்காம் ஹென்றியின் முகச்சாயல் என்று ஊரில் ஒரு பேச்சு. நண்பகலில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மாலை ஒன்பது மணிக்குச் சாய்ந்த வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது ஒவ்வொரு முகமும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது.

மேடையின் அடியில் ஒரு சிறு மாடம். பலர் கவனிக்காமல் போகிற இடம் அது. குனிந்து பார்த்தால் ஊருக்குப் பெயர் தந்த துறவி தெகொனெக். அவர் அருகில் ஒரு வண்டி, வண்டியில் பூட்டியிருப்பது ஓநாய். கதை இப்படிப் போகிறது. வேல்ஸிலிருந்து வந்த துறவி தேவாலயம் கட்டக் கல் சுமந்துகொண்டிருந்தார். வண்டி இழுத்த விலங்கை ஓநாய் தின்றுவிட்டது. அது கழுதை என்பார்கள், மான் என்பார்கள், மாடு என்பாரும் உண்டு. துறவி ஓநாயைத் திட்டவில்லை, விரட்டவில்லை. நீ தின்றதன் வேலையை நீயே செய் என்று அதையே வண்டியில் பூட்டிவிட்டார். ஓநாய் கல் இழுத்தது, தேவாலயம் எழுந்தது. வண்டியிலேயே குடியிருந்துகொண்டு வந்த எங்களுக்கு அந்தச் சின்ன வண்டியின்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் நாயை உலாவக் கூட்டிவந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, அதிலும் தெற்கு என்றதும், “பாண்டிச்சேரிப் பக்கமா?” என்றார். பிறகு மாடத்தைக் கையால் காட்டி, “ஓநாயைப் பார்த்தீர்களா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் முதலில் இதைத்தான் காட்டுவோம். மேலே இருப்பதெல்லாம் பெரியவர்களுக்கு” என்றார். நாய் பொறுமை இழந்து இழுக்க, நல்லிரவு சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டுமானம் எப்படி? விடை நூலில் இருக்கிறது. ஆளி நார் நூலில். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்த வட்டாரத்தின் விவசாயிகள் ஆளிச் செடி பயிரிட்டார்கள். விதை பால்டிக் கடற்பகுதியிலிருந்து ரொஸ்கோஃப் துறைமுகம் வழியாக வந்தது. நூலை வெளுக்க ஓடையோரங்களில் சிறு சிறு கல் வீடுகள் கட்டினார்கள். உள்ளே தொட்டிகள், அடுப்பு, மரச்சாம்பல் கரைத்த வெந்நீர். அந்த வெளுப்பு வீடுகளின் இடிபாடுகள் இன்றும் வயல்வெளிகளில் புதர் மூடிக் கிடக்கின்றன. நெய்த துணி மொர்லே வணிகர்கள் வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கப்பலேறியது. உழுதுகொண்டே வணிகமும் செய்த ஒரு செல்வந்தக் குடியானவர் கூட்டம் உருவானது. தேவாலயச் சொத்தை நிர்வகித்தவர்களும் அவர்களே. நம் ஊர்க் கோயில் அறங்காவலர் குழு மாதிரி. பக்கத்து ஊரில் கோபுரம் உயர்ந்தால் இங்கே அதைவிட உயரவேண்டும். அங்கே கல்வாரி வந்தால் இங்கேயும் வரவேண்டும். பிளேபென் ஊர்க் கோபுரத்தைப் பார்த்துத்தான் சேன்-தெகொனெக்கின் கோபுரம் எழுந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதினான்காம் லூயியின் போர்களும் இங்கிலாந்துடனான வணிக மோதலும் இந்தத் துணிக்குச் சந்தையை அடைத்தன. இதே தீபகற்பத்தின் தென்கரையில், 1666இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக லொரியாங் துறைமுகம் உருவாயிற்று. பாண்டிச்சேரியில் கட்டிய பருத்தித் துணிப் பொதிகள் அங்கேதான் இறங்கின. வடக்கே ஆளித்துணி தளர்ந்துவந்த காலத்தில் தெற்கே நம் கரையின் துணி ஏலம் போயிற்று. ஒன்றுதான் மற்றதை வீழ்த்தியது என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன ஒருவர் இந்த ஊரில் நிற்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது. பணம் நின்றதும் கட்டுவதும் நின்றது. புதிதாகக் கட்ட வசதி இல்லாததால் பழையதை யாரும் இடிக்கவும் இல்லை. இன்று நாம் பார்க்கிற முழுமை அந்த வறுமை காத்துக்கொடுத்தது.

எலும்புக்கூடத்தைப் பற்றி ஒரு சொல். 1676க்கும் 1682க்கும் இடையில் கட்டியது, பார்ப்பதற்குச் சிறு அரண்மனை. முன்பு இந்த வளாகங்களுக்குள்தான் புதைப்பார்கள். இடம் சிறியது, ஊர் பெரியது. அதனால் பழைய எலும்புகளை எடுத்து இந்தக் கூடங்களில் சேர்ப்பது வழக்கம். இங்குள்ள கூடத்தின் நிலவறையில் ஆளுயர மரச்சிற்பங்கள்: இயேசுவைக் கல்லறையில் கிடத்தும் காட்சி. ஓக் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியது. செய்தவர் மொர்லே நகரத்துச் சிற்பி ஜாக் லெஸ்பாஞோல், 1702இல் முடிந்தது. கல்வாரியின் சிற்பிகள் கொடுமையைக் காட்டினார்கள். இவர் துயரத்தைக் காட்டினார். உதடு லேசாகத் திறந்து, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அந்தப் பெண்கள் முன்னால் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இரவுச் சாப்பாடு பிரெத்தோன் கிராமத்தில் கிரெப் கடையில்தான். கோதுமை மாவில் செய்வது இனிப்புக்கு. உப்புப் பண்டத்துக்குக் கருங்கோதுமை என்று அவர்கள் சொல்லும் பக்வீட் மாவு. அது கோதுமை இனமே அல்ல. வட்டமான இரும்புக்கல்லில் மாவை ஊற்றி, பல் இல்லாத சிறு மர வாருகோலால் ஒரே சுற்றில் இழுக்கிறார்கள். ஓரம் கருகிச் சுருளும்போது நடுவில் ஒரு முட்டை, பன்றித்தொடை இறைச்சி, துருவிய பாலாடைக்கட்டி. நான்கு பக்கமும் மடித்துத் தட்டில் வந்துவிடும். இறைச்சி சாப்பிடாதவர்கள் காளானும் முட்டையும் கேட்கலாம், வெங்காயம் வதக்கியதும் கேட்கலாம். வெண்ணெய் எப்போதும் உப்பு வெண்ணெய்தான். குடிக்க ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சீடர், பீங்கான் கிண்ணத்தில். அது வேண்டாதவர்களுக்கு மோர். ஆம், மோரேதான், அங்கே பழங்கால உழவர் வீட்டுப் பானம். கடையில் எட்டரை மணிக்குமேல் போனால் அடுப்பு அணைந்துவிடக்கூடும், முன்னதாகப் போவது நல்லது.

இரவு பத்தரைக்கு இருட்டத் தொடங்கியது. வண்டிக்குள் விளக்கைப் போட்டதும் வெளியே ஒன்றுமே இல்லை என்பதுபோல் ஆயிற்று. N12 தூரத்தில்தான் ஓடுகிறது, அதன் இரைச்சல் மேட்டுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. நள்ளிரவில் மழை தூறியது. பிரெத்தாஞ் மழை அடித்துப் பெய்வதைவிட மெல்லத் தூறி நெடுநேரம் நிற்பது. தகரக் கூரையில் அது விழும் ஓசையோடு தூங்கிப்போனோம்.

காலையில் ரொட்டிக்கடை திறந்ததும் ஊர் விழித்துவிடுகிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்கிறார்கள். கடைக்காரம்மா யாருக்கு எந்த ரொட்டி என்பதைக் கேட்காமலே எடுக்கிறார். எங்களிடம் மட்டும் கேட்டார். ரொட்டியோடு ஒரு துண்டு ஃபார் வாங்கினோம். முட்டை, பால், மாவு சேர்த்து உலர்ந்த பிளம் பழம் போட்டுச் சுட்ட கனமான இனிப்பு. ஒரு துண்டு இருவருக்குப் போதும்.

தேவாலயத்தின் உள்ளே போக அதுவே நல்ல நேரம். 1998 ஜூனில் கூரையில் தீப்பிடித்து உள்ளே பெரும் சேதம் உண்டாயிற்று. பல ஆண்டுகள் பாடுபட்டு மீட்டிருக்கிறார்கள். 1683ஆம் ஆண்டின் பிரசங்க மேடை இன்றும் அங்கே இருக்கிறது. ஓக் மரத்தில் கடைந்த மேடை, அதன் விதானத்தின்மேல் எக்காளம் ஊதும் வானதூதர். அந்த மேடையின் ஒவ்வொரு பலகையையும் நின்று பார்க்கலாம். பின்னால் தள்ள யாரும் இல்லை.

பத்து மணிக்கு அடுத்த வண்டி உள்ளே வந்தது, இங்கிலாந்து எண்பலகை. பலரும் இப்படித்தான் வருகிறார்கள், ரொஸ்கோஃப் வழியாக. அந்தக் கப்பல் வழியின் கதையும் சொல்லத்தக்கது. காலிஃபிளவரும் கூனைப்பூவும் விளைவித்த இந்த வட்டார விவசாயிகள், அலெக்ஸி கூர்வென்னெக் என்பவர் தலைமையில், தங்கள் காய்கறியை விற்கத் தாங்களே கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். 1973 ஜனவரியில் ரொஸ்கோஃபிலிருந்து பிளிமத்துக்கு முதல் பயணம். காய்கறி ஏற்றத் தொடங்கிய கம்பெனிதான் இன்று பயணிகளை ஏற்றுகிறது. பிரிட்டனி ஃபெரீஸ் என்ற பெயரில் ஓடுகிறது.

நாங்கள் தொட்டிகளைக் காலிசெய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, குழாயடியைக் கழுவிவிட்டுக் கிளம்பினோம். அடுத்த ஊர் கிமில்யோ, எட்டு கிலோமீட்டர்தான். அங்கே கல்வாரியில் ஏறத்தாழ 200 உருவங்கள், 1581இலிருந்து 1588வரை செதுக்கியவை. கெட்டுப்போன பெண் என்று சொல்லப்படும் காத்தெல் கொல்லெத்தைப் பேய்கள் நரகத்தின் வாய்க்குள் இழுத்துப்போகும் சிற்பமும் அதில் உண்டு. அதையும் தாண்டினால் லாம்போல்-கிமில்யோ. மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. நேயர்களில் யாராவது போனால், ஊருக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள். சில்லறை யூரோக் காசும், வண்டிச் சக்கரத்துக்கடியில் வைக்கச் சாய்வுக் கட்டைகளும், வேறு வேறு அளவுக் குழாய் முனைகளும் கையில் இருக்கட்டும். பல கிராமங்களில் திங்கட்கிழமை கடைகள் மூடியிருக்கும், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை பெரும்பாலான கடைகளில் எதுவும் கிடைக்காது. ரொட்டியை முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.